மருந்து கண்ட சுப்பாராவ்

சென்னையிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர நாட்டினுள் புகுகின்றது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியாகிய இப்பகுதி இன்று தொழில் வளம் மிக்கது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகள் எரிகின்றன. பல்வகைப் பண்டங்களை ஆக்கும் ஆலைகள் நிரல்பட நிற்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இந்நிலம் வயலும் ஏரியுமாகக் கிடந்தது. அக்காலத்தில் கோதாவரிக் கரையிலிருந்து கல்வி நாடிச் சென்னைக்கு வந்த இளைஞர்கட்கு இவ்விருப்புப்பாதையே வழியாக இருந்தது. அங்ஙனம் வந்தவருள் ஒருவர், பிற்காலத்தில் கடல் கடந்து சென்று, ஒரு தொழிற்சாலையின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தே உலகுக்கு உயிர்மருந்துகள் பலவற்றை வழங்கினார். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெரியார் ஆவார்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் சகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. இளமையிலேயே தந்தையை இழந்த சுப்பாராவுக்குத் தாயாரே தந்தையுமானார்.

சிறுவனுக்குப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டுப் புறப்பட்டு விட்டான். தாயார் விடவில்லை, அவனைத் தேடிக் கொணர்ந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். நுழைவுத் தேர்வில் அவன் இருமுறை தோல்வியுற்றான். வேறொரு தாயாயின், இப்பிள்ளைக்குக் கல்வி வாராது என்று கைவிட்டிருத்தல் கூடும். வெங்கம்மையார் தம் அணிகலன்களை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையில் அவர் தேர்ச்சி பெற்றார். இருமுறை வீழ்ந்தவர் மூன்றாம் முறை எழுந்தார். அதன் பின்னர்க் கல்வி அவரை விட்டு நீங்கவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்த பின், அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருட்டிண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மருத்துவம் கற்று மக்கட்குத் தொண்டு செய்தலும் ஓர் அறமே என்று மடத்துப் பெரியோர் அவருக்கு அறிவுரை கூறினர். எனவே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னர் அவர்க்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் பொருளுதவி செய்தனர். அவருடைய மகளாகிய சேசகிரி அம்மையாரைச் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

கதராடையும் குறைந்த சான்றும்

அக்காலம் காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் முழங்கிய காலம். அந்நியத் துணிகளைத் துறக்க வேண்டும் என்னும் கொள்கையைச் சுப்பாராவ் ஏற்றார். அறுவை மருத்துவக் கூடத்தில் மாணவர் அணியும் மேலாடையையும் அவர் கதரிலேயே அணிந்து சென்றார். ஆங்கிலேயராகிய பேராசிரியர்க்கு அது பிடிக்கவில்லை. விளைவு யாது? எழுத்துத் தேர்வுகளில் சிறந்து விளங்கியும், சுப்பாராவுக்கு முழு மருத்துவப் பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் அதனிற் குறைந்த சான்றே கிட்டியது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார்; அதுவும் கைகூடவில்லை.

இக்காலத்திலேயே அவர் குடும்பத்தில் பெருந்துயர் நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் கவர்ந்து சென்றது. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காது, குருதி வற்றும், உடல் நாள்தோறும் மெலியும், முடிவில் உயிர் நீங்கும். மருத்துவம் கற்ற தம்பி அருகில் இருந்தும் அண்ணனைக் காக்க இயலவில்லை. ஏனெனில் அந்நோய்க்குரிய மருந்தை அன்று உலகில் எவரும் அறியார். அறியாமையே அந்நோயினும் கொடிய நோய் என்பதை அவர் உணர்ந்தார்.

சென்னையில் டாக்டர் இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் அவர் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியாற்றினார். நம் நாட்டு மூலிகைகளின் ஆற்றல் அவரைக் கவர்ந்தது. அவ்வாற்றலின் காரணத்தை ஆராய்ந்து காண வேண்டுமாயின் மேலை நாட்டு ஆய்வுக் கலையைக் கற்றல் வேண்டும் என்று கருதினார். மாமனார் திரட்டிய பொருளும் ஓர் அறநிலையத்தின் உதவியும் துணைநிற்க, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பி விடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் திரும்பவே இல்லை. அவர் சென்ற பின் பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிரம்புமுன் இறந்தது. அம்மகவின் முகத்தைத் தந்தை கண்டதில்லை. சேசகிரி அம்மையார் கணவர் வரவை நோக்கியே காலம் கழித்தார். சுப்பாராவின் புகழைப் பேசுவோர், அப்புகழுக்கு ஒரு பெண்மணி கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது.

ஆர்வர்டில் ஆராய்ச்சி

பாஸ்டன் நகரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டிற்காக இரவில் மருத்துவமனையில் ஏவற்பணி செய்தார். நோயாளரின் கழிகலங்களையும் தூய்மை செய்தார். பகலில் உயிர்வேதியியல் பயின்றார். சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியருடன் கூடி, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நிற மாற்றத்தால் அறியும் முறை ஒன்றை 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கரைசலில் தோன்றும் நீல நிறம் எத்துணை அடர்ந்துள்ளதோ அத்துணைப் பாஸ்பரசு உண்டு என்பது அம்முறையின் சுருக்கம். பிஸ்கே–சுப்பாராவ் முறை என்னும் பெயரால் அஃது உலகெங்கும் பரவியது.

அடுத்து அவ்விருவரும் தசையின் ஆற்றலை ஆராய்ந்தனர். நாம் கையை உயர்த்தும்போதும் ஓடும்போதும் தசை சுருங்கி விரிகின்றது. அதற்கு வேண்டும் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்துக் காட்டினர். அதே 1929-இல் செருமானிய அறிஞர் லோமனும் ஏ.டி.பி.யைத் தனித்துக் கண்டார். உயிரணு ஒவ்வொன்றும் ஆற்றலைச் செலவிடும் நாணயம் இதுவே என்று இன்று பள்ளி நூல்கள் கற்பிக்கின்றன. 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஆர்வர்டில் அவர்க்கு நிலையான ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை.

தொழிற்சாலையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம்

பல்கலைக்கழகம் கொடாத இடத்தை ஒரு தொழிற்சாலை கொடுத்தது. 1940-ஆம் ஆண்டில், நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த இலெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரும் ஆனார். தொழிற்சாலை என்றதும் புகையும் ஓசையும் இலாபக் கணக்குமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மருந்தைக் கண்டறிதல் ஒரு பாதி. அதனைத் தூயதாகவும் பெருமளவிலும் மலிவாகவும் ஆக்கி நோயாளியின் கையில் சேர்ப்பித்தல் மறு பாதி. இரண்டாம் பாதி இல்லையேல் முதற்பாதி ஏட்டளவில் நின்றுவிடும். சுப்பாராவ் இவ்விரண்டையும் இணைத்தார்.

அங்கு அவர் மேற்கொண்ட முதற்பெரும் பணி, குருதிச் சோகையைத் தீர்க்கும் ஒரு சத்தைத் தேடுவது. இத்தேடலின் தொடக்கம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1928-ஆம் ஆண்டு முதல், இலூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட சோகையை ஆராய்ந்தார். நொதிச் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டார். அச்சாற்றில் உள்ள சத்து யாது என்பது மட்டும் விளங்கவில்லை. பாலைப் புளிக்கச் செய்யும் ஒருவகை நுண்ணுயிரும் அச்சத்து இன்றி வளர்வதில்லை. எனவே அறிஞர்கள் அதனை ஒரு வளர்ச்சிக் காரணியாகக் கருதினர். 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் பசலை இனக் கீரையினின்று அதனைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆனால் கிடைத்த அளவு மிகச் சிறிது. 1945-இல் சுப்பாராவின் குழுவினர் அதனை வேதியியல் முறையால் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அதன் பின்னர் அதனை வேண்டும் அளவு ஆக்குவது எளிதாயிற்று.

அந்த ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயாளர்க்கு அளிக்கப்பட்டது. அவர்தம் குருதி பெருகியது; உடல் தேறியது. சென்னை நாட்டில் உடன்பிறந்தாரை வாரிக்கொண்டு போன நோய்க்கு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர்த் தம்பி மருந்து கண்டார். மாண்டவரை அது மீட்கவில்லை. பிறர் வீட்டு அண்ணன்மாரை மீட்டது. இன்றும் கருவுற்ற பெண்கட்கும், பள்ளி மாணவர்கட்கும் அரசு வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்துள்ளது. அதனை விழுங்கும் மாணவருள் எத்துணைப் பேர் சுப்பாராவின் பெயரை அறிவர்?

பகைவனுக்கு உணவை மறுத்தல்

ஃபோலிக் அமிலத்தின் கதை இத்துடன் முடியவில்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இருந்தார். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளை அவர் நாள்தோறும் கண்டு வருந்தினார். அந்நோயில் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும். அந்நாளில் அந்நோய் வந்த குழந்தை சில வாரங்களில் அல்லது சில திங்களில் இறப்பது உறுதி. சோகையைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலம் இந்நோயையும் தீர்க்குமோ என்று எண்ணி, அதன் இனத்துப் பொருளை ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைந்தது. பயிருக்கு இட்ட எருவைக் களையும் உண்டு கொழுத்தது.

தோல்வியைக் கண்டு பலர் ஓய்வர். சிலரே அத்தோல்வியையும் வினவுவர். ஃபோலிக் அமிலத்தால் நோய் வளருமாயின், ஃபோலிக் அமிலத்தை மறுத்தால் நோய் தேயும் அன்றோ? ஒரு கோட்டையை முற்றுகையிடும் படை, மதிலை இடிக்க இயலாதபோது, உள்ளே உணவு செல்லும் வழியை அடைத்து விடும். அதுபோன்ற ஒரு சூழ்ச்சி இங்கு வேண்டப்பட்டது. சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற உருவமும் அதற்கு மாறான செயலும் உடைய பொருள்களை ஆக்கினர். புற்றணு அவற்றை உணவென மயங்கி ஏற்கும். ஏற்றபின் புதிய அணுவை ஆக்க இயலாது தவிக்கும். பூட்டினுள் நுழையும், ஆயினும் திறவாத பொய்ச்சாவி போன்றவை அவை. அமினோப்டெரின் என்பது அவற்றுள் ஒன்று.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் அதனைக் குழந்தைகட்கு அளிக்கத் தொடங்கினார். 1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் முடிவு வெளியாயிற்று. பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேர்க்கு நோய் தணிந்திருந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினர். ஆனால் அத்தணிவு நிலைக்கவில்லை; சில திங்களில் நோய் மீண்டது. மருந்தும் தீங்கற்றதன்று, வாயைப் புண்ணாக்கியது, நல்லணுக்களையும் வருத்தியது. எனினும், இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதுகாறும் மூடிக்கிடந்த கதவு ஒரு விரற்கடை திறந்தது.

அதே குழுவினர் ஆக்கிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து அமினோப்டெரினினும் ஏற்றதாக அமைந்தது. 1956-இல் பெண்களின் கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றை அது முழுதும் நீக்கியது என்று அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். பிற மருந்துகளுடன் சேர்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது வழங்கப்படுகின்றது. நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், அந்நோயின் மிகுதியாகக் காணப்படும் வகையுற்ற குழந்தைகளுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் இன்று பிழைக்கின்றனர். மூட்டு வாத நோய்க்கும் அம்மருந்து சிற்றளவில் பயன்படுகின்றது.

பிற மருந்துகள்

சுப்பாராவின் தலைமையில் இலெடர்லிக் கூடத்தினின்று வேறு மருந்துகளும் வெளிவந்தன. யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை அழிக்கும் டையெத்தில்கார்பமசின் 1947-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை அதுவே. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து தக்கர் என்னும் முதிய அறிஞர் கண்ட ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குலத்திற்கு அதுவே முதல்வன். தம் பெயரை முன்னிறுத்தாமல் தம் உடனுழைப்பாளரின் பெயர்களை முன்னிறுத்துவது சுப்பாராவின் இயல்பு.

மறைவும் வழிவந்தோர் பணியும்

ஃபார்பரின் அறிக்கை வெளிவந்து இரண்டு திங்கள்தாம் கழிந்தன. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று. தாம் தொடங்கி வைத்த போரின் வெற்றிகளை அவர் காணவில்லை. தாய்நாடு விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. அதனையும் அவர் நேரிற் காணவில்லை. அவர் இறுதிவரை அமெரிக்கக் குடியுரிமையை ஏற்கவில்லை.

அவர் காட்டிய நெறி மட்டும் தொடர்ந்தது. புற்றின் வளர்ச்சிக்கு வேண்டுவது யாது என்று அறிந்து அதனை மறுத்தலே அந்நெறி. ஃபார்பர் பணியாற்றிய அதே குழந்தைகள் மருத்துவமனையில் பின்னாளில் விளங்கிய சூடா ஃபோக்மன் என்னும் அறுவை மருத்துவர், 1971-இல் ஒரு புதுக்கருத்தை வெளியிட்டார். புற்றுக்கட்டி பெருக வேண்டுமாயின் அதற்குப் புதிய குருதிக்குழாய்கள் வேண்டும். அவற்றை முளைக்கச் செய்யும் பொருளைக் கட்டியே சுரக்கின்றது. அதனைத் தடுத்தால் கட்டி பட்டினியால் வாடும் என்றார். அப்பொருள் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி எனப் பின்னர் அறியப்பட்டது.

அதனை மட்டும் தேடிப் பிடிக்கும் கருவி யாது? நம் உடல், தன்னுள் புகும் நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் இனங்கண்டு பற்றுதற்கு எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருளை ஆக்கும் எலியின் உயிரணு ஒன்றையும், சாவின்றிப் பெருகும் புற்றணு ஒன்றையும் இணைத்து ஒன்றாக்கினர். அவ்விணைப்பணு ஒரேவகை எதிர்ப்பொருளை ஓயாது சுரந்தது. இதுவே ஒற்றைநகல் எதிர்ப்பொருள் எனப்படும். புற்றணுவின் சாவாத்தன்மையே புற்றை வெல்லும் மருந்தை ஆக்கத் துணைபுரிந்தது வியப்பன்றோ? 1984-இல் அவ்விருவரும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைப் பற்றிச் செயலற்றதாக்கும் பெவாசிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் 2004-இல் அமெரிக்காவில் குடற்புற்றுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. மற்றொரு வளர்ச்சிக் காரணியின் வாயிலை அடைக்கும் நிமோட்டுசுமாப் 2006-இல் இந்தியாவிலும் வெளிவந்தது.

பழைய மருந்து, விரைந்து பெருகும் அணுக்களை எல்லாம் தாக்கியது. ஆதலின் நல்லணுக்களும் நலிந்தன. புதிய எதிர்ப்பொருளோ தனக்குரிய ஒன்றையே நாடிப் பற்றுகின்றது. ஆயினும் அதுவும் தீங்கு முற்றும் அற்றதன்று. தனித்து நின்று எல்லாப் புற்றையும் வெல்வதும் அன்று. பெரும்பாலும் பழைய மருந்துகளுடன் சேர்ந்தே அது பயன் தருகின்றது. முன்னோர் இட்ட அடித்தளத்தின்மேல் பின்னோர் சுவர் எழுப்புகின்றனர்.

முடிவுரை

1995-ஆம் ஆண்டில், சுப்பாராவ் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது. பூஞ்சை ஒன்றிற்கு அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். நோபல் பரிசு அவர்க்குக் கிட்டவில்லை. பட்டமும் பதவியும் பன்முறை மறுக்கப்பட்டன. தேர்வில் தோற்றார், தொடர்ந்து பயின்றார். அரசுப் பணி கிடைக்கவில்லை. ஆசிரியப் பணி செய்தார். பல்கலைக்கழகம் கதவடைத்தது, தொழிற்சாலையிற் புகுந்தார்.

கும்மிடிப்பூண்டியின் ஆலைகளை நோக்கிச் செல்லும் வண்டியில் இன்று எத்துணையோ இளைஞர் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். எந்திரம் ஓடும் இடத்திலும் அறிவு தேடும் உள்ளம் இருக்குமாயின், அங்கிருந்தும் உலகுக்கு நன்மை பிறக்கும். இவ்வுண்மைக்குச் சுப்பாராவின் வாழ்வே சான்றாக விளங்குகின்றது.